வாரிக்கினு போ

எங்கள் லைனில் மோகனாவைத் தெரியாதவர் யாரும் இல்லை. ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில், ஷூவின் மேல்தோல் தைக்கும் மிஷினில் அவளுக்குப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. பக்கத்து மேஜையில் பசை தடவுகிற சவுரியம்மாள் நான். அவளிடம் ஒரு ஊசி கேட்டால்கூட, "எட்த்துக்கோ, இந்தக் கையையும் சேத்து எட்த்துக்கோ" என்பாள். சாப்பாட்டு நேரத்தில் தன் டப்பாவிலிருந்து முக்கால்வாசிக் குழம்பை என் சோற்றில் ஊற்றிக்கொண்டே, "கொட்டிக்கோ, நான் பட்டினி கெடந்து சாவறேன்" என்பாள். புதிதாக வந்தவர்களுக்கு முதல் நாள் முகம் சுண்டிப்போகும். பத்து நாள் போனால், அவள் திட்டாமல் எதையாவது கொடுத்துவிட்டால் உடம்புக்கு என்னவோ என்று அவர்களே விசாரிப்பார்கள்.

இது அவள் அம்மா வீட்டு வழக்கம். ஆலங்காயத்தில் அவர்கள் வீட்டில் எதையும் சிரித்த முகமாக வெளியே கொடுக்க மாட்டார்களாம். சிரித்துக்கொண்டு கொடுத்தால் வீட்டு லட்சுமி, தன்னையும்தான் போகச் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கூடவே கிளம்பிவிடுவாளாம். அதனால் கை தாராளமாகக் கொடுக்கும், வாய் மட்டும் பஞ்சப்பாட்டுப் பாடும். இதென்னடி கூத்து என்று நானே கேட்டிருக்கிறேன். "எங்கம்மா அப்டித்தான் குட்த்தா. வாங்கினவங்க யாரும் கொறஞ்சி போவல" என்றாள்.

அந்த அம்மா போய் ஏழு வருஷம் ஆகிறது. மோகனா கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. தங்கை சங்கீதாவைப் படிக்கவைத்துத் திமிரியில் கட்டிக் கொடுப்பதற்கே அவளுக்குக் காலம் சரியாகப் போய்விட்டது. வீட்டுப் பின்னால் ஒரு புளியமரம். வருஷா வருஷம் மாசிக் கடைசியில் சங்கீதா வருவாள். மரத்தை உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு உருட்டி வைத்த புளியில் பாதி அவளுக்கு. கட்டிக் கொடுக்கும்போது மோகனா, அம்மா சொன்னதையே அம்மா குரலிலேயே சொல்வாள்: "வாரிக்கினு போ! மரத்தையும் வேரோட பேத்துக்கினு போ! நாங்க மண்ணத் தின்னு பொழச்சிக்கறோம்." சங்கீதா சிரித்துக்கொண்டே மூட்டையில் இன்னும் ரெண்டு உருண்டையைத் திணிப்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அவளோடு மாமியார் மீனாம்பாளும் வந்தார். மரியாதை பார்க்கிற அம்மா. வழக்கம்போலப் புளி மூட்டை வெளியே வந்தது, வழக்கம்போல வார்த்தையும் வந்தது. கூடப்பிறந்தவளிடம் பேசுகிற பேச்சைச் சம்பந்தி முன்னால் பேசிவிட்டோம் என்பது இந்த மடச்சிக்கு உறைக்கவே இல்லை. மீனாம்பாள் எழுந்துகொண்டார். "பேச்சு கேட்டு வாங்கற நெலமைல எங்க வூடு இல்லம்மா. வெச்சிட்டு வா, சங்கீதா" என்றார். சங்கீதா மாமியார் முகத்தைப் பார்த்தாள், அக்கா முகத்தைப் பார்த்தாள், மூட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சண்டை ஒன்றும் இல்லை. சண்டை வந்திருந்தால் தேவலை. போன் பண்ணினால் சங்கீதா, "நல்லா இருக்கியாக்கா, உடம்பப் பாத்துக்கோக்கா" என்று பேங்க்கில் பேசுகிறவர்கள் மாதிரிப் பேசினாள். அடுத்த வருஷம் எங்கள் கம்பெனிக்குச் சரக்கு ஏற்றுகிற அமீர் பாஷாவின் லோடு ஆட்டோவில் மோகனா புளியை அனுப்பிவைத்தாள். "எதுக்குக்கா உனக்கு சிரமம்" என்று சொல்லிச் சங்கீதா அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள்.

"சிரமமாம், சவுரி. இடுப்புல தூக்கி வளத்தவ நானு. என்னப் பாத்து சிரமம்னு சொல்றா" என்று மிஷினை நிறுத்திவிட்டு அழுதாள். சூப்பர்வைசர் வந்து நின்றான். "கண்ணுல தூசி விழுந்துடுச்சி சார், நீ போ" என்று நான்தான் விரட்டினேன்.

தங்கை பங்கை அவள் தொடவில்லை. வருஷத்துக்கு ஒரு பானையாக மூன்று பானை சேர்ந்துவிட்டது. முதல் பானைப் புளி கறுத்துப்போனது. மாசி பிறந்தால் லீவு நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கும் போக மாட்டாள். அந்த நேரம் பார்த்துத் தங்கை வந்துவிட்டால்? தெருமுனையில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து பார்ப்பாளாம். சாப்பாட்டு நேரத்துத் திட்டும் குறைந்துகொண்டே வந்து நின்றுபோனது. பேசாமல் குழம்பை ஊற்றினாள்.

இந்த மாசியில் நான்தான் சொன்னேன். "அடியே, நீயே போயி நல்ல வார்த்தையா நாலு சொல்லிக் குடு. வாயிலேந்து முத்தா உதுந்துடும்?"

ஒரு வாரம் சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை நடந்தது. "சந்தோசமா வெச்சிக்கோம்மா, உனக்குன்னே கொண்டாந்தேன்." சொல்வதற்குள் அவளுக்கு வேர்த்துவிடும். "லட்சுமி போனாப் போறா. எனக்கு என் தங்கச்சி வந்தா போதும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் நானும் கூடப் போனேன். வேலூர், ஆற்காடு என்று பஸ் மாறித் திமிரி போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மீனாம்பாள் நாற்காலி எடுத்துப் போட்டார். சங்கீதா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். மோகனா, கொண்டுவந்த புளி மூட்டையை முன்னால் நகர்த்தி, பாடம் ஒப்பிக்கிற மாதிரி, "சந்தோசமா வெச்சிக்கோம்மா, உனக்குன்னே கொண்டாந்தேன்" என்றாள்.

சங்கீதாவின் முகம் செத்துப்போனது. "இருக்கட்டுங்க்கா. எதுக்கு இவ்ளோ தூரம்" என்றாள். மீனாம்பாளும், "இருக்கட்டும்மா" என்றார். அவ்வளவுதான். நாலு பேரும் மரியாதையாக உட்கார்ந்திருந்தோம். நல்ல வார்த்தை பேசச் சொன்ன என் வாயில் மண்ணைத்தான் அள்ளிப் போட வேண்டும்.

கிளம்புகிறோம் என்று எழுந்த மோகனா, முகம் கழுவப் பின்பக்கம் போனாள். அங்கே சங்கீதா வைத்த முள்ளுக் கத்திரிச் செடிகள் நன்றாகக் காய்த்திருந்தன. அவளுக்கு என்ன தோன்றியதோ, கேட்காமல் கொள்ளாமல் முந்தானையை ஏந்திக்கொண்டு பறிக்க ஆரம்பித்தாள். அஞ்சு, ஆறு, பத்து. "ஏய், இன்னாடி பண்ற?"

சங்கீதா பின்வாசலுக்கு வந்தாள். அக்காவின் முந்தானையைப் பார்த்தாள்.

"பறி! நல்லாப் பறி! தண்ணி ஊத்தி வளத்தவ நானு, வாரிக்கினு போறவ நீயா? செடியையும் வேரோட பேத்துக்கினு போ! நாங்க மண்ணத் தின்னு பொழச்சிக்கறோம்!"

மோகனாவின் கையிலிருந்து முந்தானை நழுவிக் காயெல்லாம் தரையில் உருண்டது. அவள் அம்மாவை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அது யார் குரல் என்று எனக்குத் தெரிந்தது. சங்கீதா மாமியார் பக்கம் திரும்பி, "எங்க வூட்ல குடுக்கறது இப்டித்தான், அத்த. அந்தப் புளி எனக்கு வேணும். மூணு வருசமாக் கடைப் புளி தின்னு நாக்கு செத்துப்போச்சி" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். பிறகு குனிந்து, காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அக்காவின் முந்தானையில் போட்டாள்.

மோகனா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி சொல்லுடி" என்றாள்.