பத்தொன்பதாம் இலக்கத்தின் பின் பக்கம்

ஆதம்பாவா நானா மௌத்தான செய்தி நூலக ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலை எட்டு மணிக்கு வந்தது. அந்நேரம் எங்கள் பல்கலைக்கழகத்தின் அறபுத்தமிழ் நூலக வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தேன். "இவர் பொறுப்பில் இருந்த காலத்தில் ஏழு அரிய நூல்கள் காணாமற்போயின" என்ற வரியை அப்போதுதான் தட்டச்சுச் செய்து முடித்திருந்தேன். செய்தியைப் பார்த்ததும் எனக்கு வந்தது துக்கமல்ல. அந்த ஏழும் எங்கே என்று இனி யாரிடம் கேட்பது என்ற எரிச்சல். அவருடன் வேலை செய்த உங்களிடம் இதை மறைத்து அஞ்சலி எழுத எனக்கு மனமில்லை.

அந்த நூலகம் ஒற்றை அலுமாரியாகத்தான் தொடங்கியது. தமிழை அறபு எழுத்தில் எழுதிய பழைய நூல்களை, ஊரார் சொல்லும் கிதாபுகளை, நூலக உதவியாளரான நானா மருதமுனை, சாய்ந்தமருது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி, பழைய சாரத்துணியில் சுற்றிச் சைக்கிளில் கொண்டுவருவார். நான் பெரியநீலாவணையிலிருந்து புதிதாக வந்த உதவி நூலகர். இவர் எத்தனை வாங்குகிறார், அதில் எத்தனை இங்கே வந்து சேர்கிறது என்று அப்போதே எனக்குள் ஒரு கேள்வி. "குடுக்கிறவங்கட மனசு மாறுறதுக்குள்ள சைக்கிள்ல ஏறிரணும், மிஸ்" என்று அவர் சிரித்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

பதிவேட்டை எழுதியது நான். அறபு எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. பெரும்பாலான நூல்களின் அட்டையில் தமிழிலும் பெயர் இருந்ததால் சிக்கல் இல்லை. அட்டையே இல்லாமல் வந்த ஏழு நூல்களின் முதற்பக்கங்களை மட்டும் பிரதி எடுத்து, வாசிக்கத் தெரிந்த வெளியூர்க்காரர் ஒருவருக்கு அனுப்பினேன். அவற்றில் பெரிய எழுத்திலிருந்த பெயர்களை அவர் தமிழில் எழுதி அனுப்ப, அப்படியே பதிந்தேன். நானா சரளமாக வாசிப்பார். அவரிடம் நான் கேட்கவில்லை. ஏனென்று உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும்.

இரண்டு வருடம் கழித்து ஓர் ஆய்வாளர் வந்து பத்தொன்பதாம் இலக்க நூலைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தோம். வாசித்துப் பார்த்துவிட்டு, இது வேறு நூல் என்றார். மற்ற ஆறையும் காட்டினோம். அவையும் அப்படித்தான்: இலக்கம் சரி, நூல் வேறு. முந்திய மாரியில், ஈரத்தில் உரிந்த இலக்கச் சீட்டுகளைப் புதிதாக எழுதி ஒட்டியவர் நானா. அரிய நூல்களை எடுத்துவிட்டு, கைக்கு அகப்பட்ட நூல்களில் இலக்கத்தை ஒட்டிவிட்டார் என்று முடிவுகட்டினேன்.

"ஏழும் இரிக்கி, மிஸ். எங்கயும் போகல்ல" என்றார் நானா.

"அப்ப எடுத்துக் காட்டுங்க."

"சந்தேகப்படுற ஆளுக்கு நான் காட்டினா, காட்டினதுலயும் சந்தேகம் வரும். எழுதி வெச்சிரிக்கன், நீங்களே பாருங்க."

பதிவேட்டில் அந்த ஏழு பெயர்களுக்கும் நேரே, பென்சிலால், "பின் பக்கம் பார்க்கவும்" என்று எழுதியிருந்தார். பதிவேட்டின் தாளைத் திருப்பினேன். ஒன்றுமே இல்லை. என்னைப் பேய்க்காட்டுகிறார் என்று கொதித்தேன். பேனாவை விட்டுப் பென்சிலால் எழுதியதும் பிறகு அழித்துவிடத்தான் என்று நினைத்தேன்.

மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். களவு என்ற சொல் அதில் இல்லை. இல்லாமலே விளங்கும்படி எழுதினேன். அவரைப் பிரதான நூலகத்தின் வாசலுக்கு மாற்றினார்கள், மாணவர்களின் பைகளை வாங்கி வைக்கும் வேலைக்கு. ஓய்வுபெறும்வரை அங்கேதான் இருந்தார். காலையில் என்னைக் கண்டால் "சுகமா, மிஸ்?" என்பார். அதிலும் ஏதோ உள்குத்து இருப்பதாகவே எனக்குப்படும்.

மௌத்துச் செய்தி வந்த அன்று பின்னேரம், நல்லடக்கம் முடிந்தபின், கல்முனைக்குடியில் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மகள் ஸறீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாப்பா ஒங்களப் பத்தி நெறையக் கதைப்பாரு, மிஸ்."

"என்ன கதைச்சவர்?" நான் கேட்ட தொனி எனக்கே பிடிக்கவில்லை.

"'அந்த மிஸ் நல்ல கெட்டிக்காரி, ஆனா நம்மட கிதாபையும் இடப்பக்கத்தால தொறப்பா' எண்டு சொல்லிச் சிரிப்பாரு."

குத்திக்காட்டுகிறாளோ என்றுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அழுது கண்கள் வீங்கியிருந்தன.

மறுநாள் காலை பத்தொன்பதாம் இலக்கத்தைக் கையில் எடுத்தேன். அறபு எழுத்து வலமிருந்து இடமாகப் போகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கை மட்டும் தமிழ்ப் புத்தகத்தைத் திறப்பதுபோலத் திறந்திருக்கிறது. முதற்பக்கம் என்று நான் பிரதி எடுத்தது நூலின் கடைசிப் பக்கம். அறபுத் துறை விரிவுரையாளர் ஒருவரைக் கூப்பிட்டு அதை வாசிக்கச் சொன்னேன். "இது விளம்பரம், மிஸ். இந்த அச்சகத்துல விக்கிற வேற ஒரு கிதாபுட பேரு" என்றார். மற்ற ஆறும் அதே கதைதான். நான் பதிந்த ஏழு நூல்களும் ஒருநாளும் எங்களிடம் இருந்ததில்லை. நானா கொண்டுவந்த ஏழும் அலுமாரியை விட்டு நகரவேயில்லை. அவர் பார்க்கச் சொன்னது பதிவேட்டின் பின் பக்கத்தையல்ல, நூலின் பின் பக்கத்தை; சரியான பெயர் அங்கேதான் இருந்தது.

வரலாற்றிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என் பிழையையும் என் கடிதத்தையும் பற்றி எழுதியிருக்கிறேன். வாய்விட்டு அவர் ஏன் சொல்லவில்லை? என் வேலை அப்போது நிரந்தரமாகியிருக்கவில்லை என்பதாலா? நான் கேட்ட விதத்தில் மனம் விட்டுப்போயா? நான் திண்டாடுவதைப் பார்க்கும் குறும்பா? என் புத்தி இன்னும் துருவிக்கொண்டுதான் இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, நானா.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த ஏழு பென்சில் குறிப்புகள். பிழையைக் கண்டதும் யாருக்கும் தெரியாமல் நானே அழித்துக்கொள்ளட்டும் என்றுதான் அவர் பென்சிலை எடுத்திருக்கிறார். இதை மட்டும் சந்தேகமில்லாமல் நம்புகிறேன். நான் அழிக்கவில்லை. அவருடைய எழுத்தின் மேலேயே அதே சொற்களைப் பேனாவால் எழுதி, ஏழுக்கும் கீழே என் கையெழுத்தை வைத்தேன்.