கிளட்ச் ஷூவை ராவிய கதை

எஞ்சின் வைத்த ரிமோட் கார் ஓட்டுபவர்களின் குழுவில் இன்று காலை ஒருவர் புலம்பியிருந்தார்: "ஸ்டார்ட் ஆனதுமே கிளட்ச் பிடித்து எஞ்சின் அணைந்துவிடுகிறது. என்ன செய்ய?"

படித்ததும் துள்ளிவிட்டேன். எழுபதுகளில் எங்கள் தூத்துக்குடி வீட்டிலும் இதே தொல்லைதான்!

கப்பலில் வேலை பார்த்த சேவியர் அண்ணன் ஜப்பானிலிருந்து அப்படியொரு கார் கொண்டுவந்தான். லீவு முழுக்க அது நின்ற இடத்திலேயே அணைந்துபோனது. லீவின் கடைசி நாளும் வந்துவிட்டது; மறுநாள் அவன் கப்பலேற வேண்டும்.

"கிளட்ச் ஷூ ரெண்டையும் அரத்தால ராவி எடையக் குறைப்போம்ணே. அப்பத்தான் வேகம் கூடுன பெறவு விரிஞ்சு பிடிக்கும்" என்றேன்.

"ஏளா, கூடுதலா ராவிட்டா வேற ஷூவுக்கு எங்கன போக?"

அரத்தை நான்தான் எடுத்தேன். இரண்டும் ஒரே எடையில் இருக்க வேண்டுமே! முத்து வியாபாரியான அப்பாவின் சின்னத் தராசில் வைத்துப் பார்த்துப் பார்த்து ராவினேன்.

துறைமுகச் சாலையில் காரை இறக்கினோம். எஞ்சின் அணையவில்லை. அண்ணன் வேகம் கொடுத்ததும் ஒரு கணம் உறுமிவிட்டுப் பாய்ந்தது பாருங்கள்!

"ஏளா, போவுது, போவுது!" என்று ரிமோட்டும் கையுமாக அண்ணன் பின்னாலேயே ஓடினான். நானும் கத்திக்கொண்டே ஓடினேன்.

குழுவில் செய்முறையை மட்டும் எழுதினேன். மாலையில் பதில் வந்தது: "வண்டி பறக்குது! ரொம்ப நன்றி, அங்கிள்."

என் புரொஃபைல் படத்தில் இருப்பது கார்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பக்கத்திலேயே பிலோமினா என்று பெயர் இருக்கிறதே! திருத்தவா, விட்டுவிடவா?