கச்சான் காற்றில் ஐம்பது கிலோமீட்டர்

ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை ஐந்தரை மணிக்கு முத்தையாபுரத்திலிருந்து புறப்பட்டோம். நானும் என் மகள் ஜெனிபாவும், ஆளுக்கு ஒரு சைக்கிள். போக வேண்டிய இடம் ஆறுமுகநேரி, என் அக்கா வீடு. திருச்செந்தூர் ரோட்டில் தெற்கே சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். திரும்பி வர இன்னொரு இருபத்தைந்து. பையில் காற்றடிக்கும் பம்பு, இரண்டு பாட்டில் தண்ணீர், அக்காவுக்கு ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூன்.

பிள்ளைகளே, இது வேடிக்கைக்குப் போன பயணம் இல்லை. ஜெனிபா ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடம் இதே ரோட்டில், உப்பளத்தைத் தாண்டி, ஆறு கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. வேனில் போய் வருகிறாள். பள்ளி விட்டதும் வேன் கிளம்பிவிடும், அதனால் எறிபந்துப் பயிற்சிக்கு நிற்க முடியவில்லை. பயிற்சிக்கு வராதவளுக்கு அணியில் இடம் இல்லை என்று ஆசிரியை சொல்லிவிட்டார். சைக்கிளில் போகிறேன் என்று இவள் ஒரு மாதமாக வீட்டில் ஒரே பிடியாக நின்றாள்.

கடைசியில் அவள் அம்மா சொன்னாள்: “ஆறுமுகநேரி அத்த வீடு வரைக்கும் போயிட்டு வா. அப்புறம் பாப்போம். ஆனா வழியில லோடு வண்டியில ஏறி வந்தேன்னு வை, சைக்கிள் பேச்சையே விட்டுரணும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் உப்பு லாரி ஓட்டுகிறவன். இந்த ரோட்டில் பதினெட்டு வருஷமாகப் போய் வருகிறேன். ஆற்றுப் பாலத்தைத் தவிர ஒரு மேடு கிடையாது. மேடு இல்லாத ரோட்டில் என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

ஐந்தே முக்காலுக்கு உப்பளத்துக்குள் நுழைந்தோம். ரோட்டின் இரு பக்கமும் பாத்திகள். இடது பக்கம், கடல் இருக்கும் திசையில், சூரியன் வந்தது. பாத்தித் தண்ணீர் முதலில் ஈயம் போல இருந்தது, பிறகு ரோஸ் நிறமானது. ஆட்கள் நீளமான பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். என் மனைவியும் இதைப் போல ஓர் உப்பளத்தில்தான் வேலை செய்கிறாள். வாரிய உப்பை ரோட்டோரத்தில் வீடு உயரத்துக்கு அம்பாரமாகக் குவித்து, ஓலை போட்டு மூடி வைத்திருந்தார்கள். காற்று அசையவில்லை. எங்கள் செயின் சத்தம் எங்களுக்கே கேட்டது. லாரியில் இருந்தால் இன்ஜின் சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் கேட்காது.

ஏழு மணிக்குப் பழையகாயல். முத்து வாங்கக் கப்பல்கள் வந்து நின்ற துறைமுகம் இது என்று சொல்வார்கள். இப்போது கடல் கிழக்கே விலகிப் போய்விட்டது. ஜெனிபா எட்டி எட்டிப் பார்த்தாள். தெரிந்தது உடைமரமும் பனையும்தான்.

ஏழரைக்கு முக்காணியில் டீ பன்னிரண்டு ரூபாய், பருப்பு வடை எட்டு ரூபாய். கடைக்காரர் சைக்கிள்களைப் பார்த்தார்.

“எங்கன போறீங்க அண்ணாச்சி?”

“ஆறுமுகநேரிக்கு.”

“ஏன், பஸ்ஸு ஓடலியா?” என்று சிரித்தார். பிறகு ஜெனிபாவைப் பார்த்து, “பத்து மணிக்குள்ள திரும்பிரு தாயி. அதுக்கு மேல கச்சான் எழும்பிரும்” என்றார்.

கச்சான் என்றால் மேல்காற்று. மேற்கே மலையைத் தாண்டி வந்து, இந்தக் கரையில் ஆனி, ஆடியில் மண்ணை வாரி அடிக்கும். “ரோடு மட்டமாத்தானே கெடக்கு, பாத்துக்கிடலாம்” என்றேன்.

பாலத்தில் நின்று தாமிரபரணியைப் பார்த்தோம். அதைத் தாண்டியதும் ஆத்தூர். வெற்றிலைக் கொடிக்காலும் வாழையுமாக ஒரே பச்சை. ஈர மண் வாடை வந்தது. எட்டே முக்காலுக்கு அக்கா வீட்டு வாசலில் இறங்கினோம்.

“ஏட்டி, சைக்கிள்லயா வந்தே? ஒங்க அப்பனுக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா?” என்று கேட்டுக்கொண்டே அக்கா ஆட்டுக்கறி வாங்க ஆள் அனுப்பிவிட்டாள். ஒன்பதரைக்குக் கிளம்புகிறோம் என்றேன். “அண்ணன் மவ வந்தாலே கறி எடுப்பேன், தம்பி மவளச் சும்மா அனுப்புவேனா?” என்றாள். இடியாப்பமும் கறிக்குழம்பும் சாப்பிட்டு எழுந்தபோது மணி பத்தே முக்கால்.

தெருமுனை திரும்பியதும் காற்று கன்னத்தில் அறைந்தது.

போகும்போது இருந்த ரோடு வேறு, வரும்போது இருந்த ரோடு வேறு. வடக்கே போகிறவன் இடது ஓரமாகப் போக வேண்டும். இடது பக்கம் மேற்கு. அங்கிருந்து அடிக்கும் காற்று சைக்கிளை வலது பக்கமாக, அதாவது லாரி போகிற நடு ரோட்டுக்குத் தள்ளுகிறது. ஆத்தூர் வரை வீடும் வாழையும் மறைத்தன. பாலத்தில் மறைப்பு இல்லை. கைப்பிடியை இறுகப் பிடித்து, உடம்பை இடது பக்கம் சாய்த்து ஒருவழியாக வந்துவிட்டோம்.

பன்னிரண்டரைக்கு மறுபடியும் உப்பளம். ஒவ்வோர் அம்பாரத்துக்குப் பின்னாலும் காற்று நின்றுவிடும், சாய்ந்து ஓட்டுகிற சைக்கிள் இடது பக்கம் சரியும். அம்பாரம் முடிந்ததும் ஒரே அடியாக அடித்து வலது பக்கம் தூக்கிப் போடும். இரண்டாவது இடைவெளியில் ஜெனிபாவின் முன்சக்கரம் வெள்ளைக்கோட்டைத் தாண்டி இரண்டு முழம் உள்ளே போய்விட்டது. பின்னால் வந்த டேங்கர் லாரி ஹாரனை அழுத்திக்கொண்டு ஒதுங்கிப் போனது. அவள் முகம் வெளுத்துவிட்டது. என் முகத்தைப் பார்க்க அங்கே கண்ணாடி இல்லை.

அப்போது ஒரு லோடு வண்டி நின்றது. எனக்குத் தெரிந்த டிரைவர்தான். “என்ன அண்ணாச்சி, லாரிய வித்துட்டீரா? காலி வண்டிதான், ரெண்டையும் தூக்கிப் போடும்.”

நான் மகளைப் பார்த்தேன். “உப்பளம் தாண்டினதும் எறங்கிக்கிடுவோம். அம்மாட்ட சொல்லாண்டாம்.”

“நீங்க சொல்ல மாட்டீங்க. நான் சொல்லிருவேன்” என்றாள்.

டிரைவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். “சரி, சைக்கிள்ல ஏறு. மூணு கிலோமீட்டர்தான், பல்லக் கடிச்சிட்டு ஓட்டிரலாம்” என்றேன்.

ஜெனிபா ஏறவில்லை. சைக்கிளை ரோட்டிலிருந்து மண்ணுக்கு இறக்கினாள். “ஓட்டலாம்ப்பா. லாரி வரும்போது காத்து அடிச்சா எங்க போக?” என்று கேட்டுவிட்டு உருட்ட ஆரம்பித்தாள். சிறிது தூரம் போய், திரும்பிப் பார்க்காமலே, “எறங்கிட்டேன்லா, இனி அம்மா சைக்கிள்ல விட மாட்டா” என்றாள். அழுதாளா என்று தெரியவில்லை. உப்புத் தூசியில் எனக்கும் கண் எரிந்தது. மூன்று கிலோமீட்டரை உருட்டிக் கடக்க முக்கால் மணி நேரம் ஆனது.

இரண்டு மணிக்கு வீடு. அவள் அம்மா உப்பளத்திலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“வண்டியில ஏறினீங்களா?”

“இல்லம்மா.”

“உப்பளத்துல காத்து எப்படி?”

ஜெனிபா தலையைக் குனிந்தாள். “ஓட்ட முடியலம்மா. கடைசி வரைக்கும் எறங்கி உருட்டினேன்.”

“நான் ஓட்டத்தான் சொன்னேன்” என்று நான் இடையில் புகுந்தேன். அது அவளுக்கு உதவும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். “ஓட்டச் சொன்னீங்களா? கச்சான் அடிக்காமலா உப்பு வெளையுது? பதினெட்டு வருசமா அந்த உப்பத்தான ஏத்துதீங்க?” என்றாள். பிறகு மகளிடம், “எறங்குவியா, இல்ல ஒங்க அப்பா மாதிரி வீம்புக்கு ஓட்டுவியான்னுதான் எனக்குப் பயம். வேன்காரர்ட்ட நின்னுக்கிடுதோம்னு சொல்லிருதேன். ஆனா கச்சான் ஓயிற வரைக்கும் சாயங்காலம் அந்த எடத்த நடந்துதான் தாண்டணும். பாதி நேரம் வெளையாடிட்டுக் கெளம்பிரு” என்றாள்.

“முக்கா நேரம்மா.”

“பாதி.”

“அரை மணி நேரம் கூட.”

“ஏளா, சோத்தத் தின்னு மொதல்ல.”

மூன்றாம் நாள் திங்கட்கிழமை, ஜெனிபா சைக்கிளில் பள்ளிக்குக் கிளம்பினாள். நானும் லாரியை எடுத்துக்கொண்டு பின்னால் மெதுவாகப் போனேன். ஒரு கிலோமீட்டர் போனதும் அவள் நிறுத்தி, என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். “அப்பா, பின்னாலயே வராதீங்க. எல்லாரும் பாக்காங்க.” நான் அவளைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஐம்பது கிலோமீட்டர் சைக்கிளில் போய் வந்ததற்கு ஒரு வாரம் முழங்கால் வலித்தது. அது போய்விட்டது. இப்போது உப்பு ஏற்றிக்கொண்டு வடக்கே வரும்போது, முன்னால் யாராவது சைக்கிளில் போனால், அம்பாரங்களைத் தாண்டி அவர் நிதானத்துக்கு வரும்வரை நான் முந்துவதில்லை. பின்னால் வருகிற வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. அடிக்கட்டும்.