கம்ப்ரசர் மாற்றிய நாள்

போடிமெட்டிலிருந்து சித்தி போன் செய்த அன்று நான் நான்காம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் இருந்தேன். போனை வைத்ததும் அம்மா அடுப்பை அணைத்தாள். சேலையைக்கூட மாற்றாமல் செருப்பை மாட்டிக்கொண்டாள். சித்தியை உடனே அழைத்துவர வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. மலைக்குப் போகிற சந்தோஷத்தில் முதல் ஆளாகக் காரில் ஏறினேன்.

எங்கள் ஊரான போடியின் எல்லையைத் தாண்டுவதற்குள் காரின் முன்பக்கம் கிறீச்சென்று கத்தியது. ரப்பர் கருகும் நாற்றம். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் மூடியைத் திறந்து பார்த்த மெக்கானிக், "ஏசி கம்ப்ரசர் ஜாம் ஆயிருச்சுண்ணே. அத விட்டுட்டு சின்ன பெல்ட்டா மாட்டித் தர்றேன். கண்ணாடிய எறக்கிவிட்டுட்டுப் போங்க. மேல போனா குளுகுளுன்னுதான இருக்கும்" என்றார்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "இல்லல்ல, கம்ப்ரசரையே மாத்திருங்க. இன்னைக்கு ஏசி இல்லாம ஆகாது."

கம்ப்ரசர் தேனியிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரை தகித்தது. அம்மா உட்காருவாள், எழுவாள், ரோடு வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். போன் அடித்தால் ஓரமாக ஒதுங்கி, "அந்த டீக்கடையிலயே இரு, வெரசா வந்துர்றோம்" என்பாள். கடைசியில் அப்பாவிடமே வந்தாள்.

"ஒரு ஜீப்பப் பிடிச்சுப் போயிருவோங்க. எம்புட்டு நேரந்தான் அவ தனியாக் கெடப்பா?"

"தொறந்த ஜீப்புல அந்த மூஞ்சியோட அவளக் கூட்டியாந்து கடைத்தெருவுல எறக்கச் சொல்றியா?"

அம்மா மறுபடி ரோட்டுக்குப் போனாள்.

கம்ப்ரசர் வந்தும் சோலி முடியவில்லை. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, குழாய்களுக்குள் இருந்த காற்றையெல்லாம் ஒரு மெஷின் உறிஞ்சி எடுத்த பிறகுதான் கேஸ் ஏற்ற முடியுமாம். "போதும்ல, ஏத்துங்க" என்று அப்பா அவசரப்படுத்த, "அவசரப்பட்டா புதுசும் போயிரும்ணே" என்று மெக்கானிக் அசையாமல் நின்றார்.

நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது. டீக்கடை பெஞ்சில் சித்தி ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் வீங்கி மூடிக்கிடந்தது. உதடு கிழிந்திருந்தது. "கீழ விழுந்துட்டியா சித்தி?" என்றேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

அப்பா எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றினார். அவற்றில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. வளைவு வளைவாக இறங்கினோம். போடி கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் அம்மா மெதுவாக, "முந்தானைய இழுத்து மூடிக்க. படியில விழுந்துட்டதாச் சொல்லிக்கிருவோம்" என்றாள்.

"நான் விழலக்கா."

எதிரே ஒரு லாரி லோடு இறக்கிக்கொண்டிருந்தது. கார் நின்றது. சித்தி பட்டனை அமுக்கிக் கண்ணாடியை முழுசாக இறக்கினாள். ஏலக்காய் வாசனையோடு வெக்கை உள்ளே வந்தது. கடை வாசலில் நின்ற தெரிந்தவர் ஒருவர் குனிந்து பார்த்து, "என்னத்தா, மூஞ்சியில என்ன?" என்றார்.

"எம் புருசன் அடிச்சதுண்ணே" என்றாள் சித்தி, நாலு கடைக்குக் கேட்கும்படி.

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்துபோயிருந்தார். அம்மா அழுதாள். எனக்கோ சித்தி மேல் கோபம்தான் வந்தது. அப்பா பகலெல்லாம் வெயிலில் நின்று சரிசெய்த ஏசிக் காற்றை, நொடியில் இப்படி வெளியே விட்டுவிட்டாளே!