செருப்போடு சர்வருக்குள்

எங்கள் கல்லூரியின் கம்ப்யூட்டர் அறைக்குள் போக வேண்டுமானால் முதல்வரே வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலியில் அது எழுதாத சட்டம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ஏ.சி. குளிரில், மார்க் கோப்புகளை எல்லாம் வைத்திருக்கும் சர்வர் இருக்கும். அறைக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரே சாவி, சாவி என் கைப்பையில். தச்சநல்லூரிலிருந்து பஸ் ஏறி ஆற்றுப் பாலம் தாண்டி வரும் ஆபரேட்டர் நான்.

அந்தச் சாவிதான் எனக்கு வினையாக வந்தது. ஒரு மாணவனுக்கு அக மதிப்பெண் ஒன்பது என்று பேராசிரியர் எழுதிக் கொடுத்திருந்தார். பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப அச்செடுத்த பட்டியலில் அது பத்தொன்பதாக இருந்தது. ஆபீஸ் மேனேஜர் என்னை முதல்வர் அறைக்கு வரவழைத்து ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

“தப்பு என் மேலதான்னு எழுதிக் குடும்மா. பிரின்சிபால் சார் மன்னிச்சு விட்டுருவாக.”

“நான் மாத்தலையே சார்.”

“சாவி உங்கிட்டத்தான இருக்கு? பெறகு பூதமா உள்ள போயி மாத்திச்சு?”

எழுதிக் கொடுத்தால் வேலை நிலைக்கலாம். மார்க் திருத்தியவள் என்ற பெயரும் கூடவே நிலைக்கும். எழுதாவிட்டால் வேலை போய்விடும் என்பதை அவர் முகமே சொன்னது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் பற்றிக்கொண்டு வந்தது. சர்வரை நிறுவிய ஆள் சூப்பர்வைசர் கணக்குக்குப் பாஸ்வேர்டே வைக்காமல் போயிருந்தார். அதில் நுழைகிறவர் எந்தக் கோப்பையும் திருத்தலாம். மேனேஜர் உத்தரவில்லாமல் அதைத் தொட எனக்கு அதிகாரமில்லை. பாஸ்வேர்டு வைக்க அனுமதி கேட்டு முன்பே இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தேன். “அதான் பூட்டு போட்டிருக்குல்லா” என்று இதே மேனேஜர்தான் கடிதத்தை ஃபைலில் செருகினார். பிறகு நூலகம், ஆபீஸ் என்று வயரை இழுத்து ஒன்பது கம்ப்யூட்டர்களை அந்தச் சர்வரோடு இணைத்தார்கள்.

“சார், லைப்ரரி வரைக்கும் வாங்க,” என்றேன் முதல்வரிடம். “ரெண்டு நிமிசம் போதும்.”

சாவியை மேனேஜர் கையில் கொடுத்துவிட்டு, மாணவர்கள் புத்தகம் தேடும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். காலில் செருப்பு. பெயர் கேட்ட இடத்தில் சூப்பர்வைசர் என்று தட்டினேன். பாஸ்வேர்டை அது கேட்கவே இல்லை. மேனேஜரின் மகனும் எங்கள் கல்லூரியில்தான் படித்தான். அவன் மதிப்பெண்ணைச் சைபராக்கினேன். பையன் பாவம்தான், ஆனால் வேறு யாருடைய மார்க்கைத் தொட்டிருந்தாலும் அந்த மனுஷருக்கு உறைத்திருக்காது.

“எம்மா, எம்மா, பழையபடி போட்டுரு!”

போட்டேன். முதல்வர் குனிந்து திரையைப் பார்த்தார். மேனேஜர்தான் முதலில் சுதாரித்தார்.

“அப்போ வழி தெரிஞ்சவ நீதான? நீதான் மாத்திருப்ப.”

ஓட்டையைக் காட்டியவளையே திருடி என்கிறார். நூலகம் என்றும் பார்க்காமல் என் குரல் உயர்ந்தது. அதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை.

“இது தெறந்து கெடக்கு சார், யாரும் போலாம். எவன் மாத்துனான்னு எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. ஒம்போது கம்ப்யூட்டர்ல ஒக்காருத அத்தன பேர்கிட்டயும் அந்த வெள்ளைத்தாள நீட்டுங்க. ஒங்க மேசையிலயும் ஒண்ணு இருக்குல்லா? மொதல்ல நீங்க எழுதுங்க. கடைசியா நான் எழுதுதேன்.”

முதல்வர் அவரிடமிருந்து சாவியை வாங்கி என்னிடம் நீட்டினார். “பாஸ்வேர்டு வச்சிரும்மா.”

நான் கை நீட்டவில்லை. “அத எழுத்துல குடுங்க சார்.”

முதல்வர் சட்டைப் பையைத் தடவினார். மேனேஜர்தான் தன் பேனாவை எடுத்துக் கொடுத்தார்.