பாண்டீஸ்வரி அடக்கிவைத்த குலவை

திருநகரை ஒட்டிய அந்தத் தெருவில் பாண்டீஸ்வரி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் தலையைச் சொறிவார்கள். குலவைக்காரி வீடு என்று கேளுங்கள், கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார்கள். வாக்கப்பட்டு வந்த புதிதில் அவள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டால் மூணாவது பஸ் ஸ்டாப்பில் நிற்கிற சனம் திரும்பிப் பார்க்குமாம். சும்மா இல்லை, அவள் புருசன் தங்கப்பாண்டி அந்த ஸ்டாப்பில்தான் ஆட்டோ போட்டிருந்தார். "இவ இருக்கையில என் வண்டிக்கு ஹாரன் எதுக்குங்கிறேன்?" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அப்பேர்ப்பட்டவள், மகள் பிறந்து வளர்ந்து கல்யாணமாகிப் போகிற வரைக்கும் ஒரு குலவை போடவில்லை. எல்லாம் சோணைக் கண்மாயால் வந்த வினை.

தெருவுக்குப் பின்னால் கிடக்கிறது அந்தக் கண்மாய். மாரியம்மன் பொங்கலுக்கு வீட்டுக்கு வீடு சட்டியில் நவதானியம் தூவி முளைப்பாரி வளர்த்து, தலையில் சுமந்து வந்து, அந்தத் தண்ணீரில்தான் கரைப்பார்கள். பிறகு பிளாட் போட்டார்கள், வீடுகள் வந்தன, வீட்டுச் சாக்கடையெல்லாம் கண்மாயில் விழுந்தது. கோழிக்கடைக் கழிவும் கட்டட இடிசலும் வந்து சேர, மிச்ச இடத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. ஒரு வருசம் விழாக் கமிட்டி, கோயில் முன்னால் குழி வெட்டித் தார்ப்பாய் விரித்து லாரித் தண்ணீரை நிரப்பிவிட்டது.

பாரியைச் சுமந்து வந்த பாண்டீஸ்வரிக்கு அதைக் கண்டதும் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்ணே, ஆத்தாளுக்கு லாரித் தண்ணியா? அடுக்குமா இது?"

கமிட்டித் தலைவர் விருமாண்டி சளைத்தவரா? "மனசு வரலைன்னா நீ சாக்கடையில போயிக் கரைச்சுக்கத்தா" என்றார்.

சுருக்கென்று தைத்துவிட்டது. "சரிண்ணே. அந்தக் கண்மாயில நல்ல தண்ணி வரட்டும். அந்தத் தண்ணியில நின்னு பாரி கரைக்கிற அன்னைக்குத்தான் இந்த நாக்கு குலவை போடும். ஆத்தா மேல சத்தியம்!"

கோபத்தில் விட்ட வார்த்தைதான். கொட்டின பாலை அள்ள முடியுமா? மகள் முத்துமீனா சடங்குக்கும் அவள் வாய் திறக்கவில்லை. கல்யாணத்தில் தாலி ஏறும்போது ஊரே குலவை போட, பெற்றவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "பொண்ணோட அம்மாவுக்கு இதுல இஷ்டமில்ல போல" என்று சம்பந்தி வீட்டில் முணுமுணுத்தார்கள். அதையும் விழுங்கிக்கொண்டாள், பாவி.

விடிவு ஜெனிஷா டீச்சர் உருவத்தில் வந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறவர், கண்மாய்க்கரை மாடிவீட்டுக்குக் குடிவந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு குப்பை அள்ள இறங்கிவிடுவார். தெரு சிரித்தது. பாண்டீஸ்வரி சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அரிவாளோடு போய்ப் பக்கத்தில் நின்றாள். அதன்பிறகு இருவரும் ஏறாத ஆபீஸ் இல்லை. ஓர் அதிகாரி "பாப்போம்மா" என்றதற்கு, "பாத்தது போதும் சார், செய்யுங்க" என்று இவள் சொன்னதைக் கேட்டு அவரே சிரித்துவிட்டாராம். சாக்கடைக் குழாய்கள் திருப்பப்பட்டன. ஜேசிபி வந்து சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கியது. கரையில் மருதும் நாவலும் வைத்தார்கள். வேலைக்கு வந்த அத்தனை பேருக்கும் பாண்டீஸ்வரி வீட்டு எலுமிச்சஞ்சோறுதான்.

ஐப்பசி மழையில் வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. ஒரு கை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "டீச்சர், நீங்க மகராசியா இருக்கணும்" என்றாள். பின்னாலேயே நாரை வந்தது, நீர்க்காகம் வந்தது, சாயங்காலம் காற்று வாங்கத் தெருச்சனமும் வந்தது.

இந்த வருசம் பாரி கண்மாயில்தான் என்று முடிவாயிற்று. அம்மா குலவையைக் கேட்டே ஆகவேண்டுமென்று முத்துமீனா சோழவந்தானிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள்.

காலையில் படித்துறையைக் கழுவப் போன பாண்டீஸ்வரி, டீச்சர் அங்கே கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

"என்ன டீச்சர், மூஞ்சி வாடிக் கிடக்கு?"

டீச்சர் விரலை மட்டும் நீட்டினார். படிக்குப் பக்கத்திலேயே, மிதக்கிற செத்தைக் குவியல்மேல் ஒரு முக்குளிப்பான் பறவை அடைகாத்துக்கொண்டிருந்தது.

"மூணு முட்டை இருக்குக்கா. கொட்டும் வேட்டும் கேட்டா விட்டுட்டு ஓடிரும். திரும்பி வருமோ வராதோ."

"இதை ஏன் மொதல்லயே சொல்லல?"

"உங்க கோயில் காரியம். நான் சர்ச்சுக்குப் போறவ, எப்படிக்கா சொல்லுவேன்? அதுவும் இந்தக் குலவைக்கு நீங்க எம்புட்டு வருசமா..."

எதிர்க்கரையில் படி கிடையாது, முழங்கால் அளவு சேறு. பாரியைச் சுமந்துகொண்டு பெண்கள் அங்கே இறங்க முடியாது. பாண்டீஸ்வரி அந்தப் படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகையாக வந்தது.

சாயங்காலம் கோயில் வாசலில் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "கொட்டு, வேட்டு, குலவை எல்லாம் இங்கனயோட சரி. படிக்குப் பக்கத்துல ஒரு பறவை அடைகாக்குது. கண்மாய்க்கு வாயைத் திறக்காம போறோம்."

விருமாண்டிக்கு ஆகவில்லை. "குலவை இல்லாமக் கரைச்சா ஆத்தா ஏத்துக்குவாளாத்தா?"

"வீட்டுல புள்ளத்தாச்சி இருந்தா வாசல்ல வேட்டுப் போடுவமாண்ணே? அதுவும் நம்ம கண்மாயை நம்பி வந்த புள்ளத்தாச்சிதான். ஆத்தா ஏத்துக்குவா."

"அப்ப உன் சத்தியம்?"

"அது எனக்கும் அவளுக்கும் உள்ளது."

கொலுசுச் சத்தம் மட்டும் கேட்கப் பெண்கள் நடந்தார்கள். படியின் மறு ஓரமாக ஒவ்வொருத்தியாக இறங்கிப் பாரியைக் கரைத்தார்கள். பறவை கழுத்தை நீட்டிப் பார்த்தது, எழுந்திருக்கவில்லை. கடைசியாகப் பாண்டீஸ்வரி இறங்கினாள். இடுப்பளவு நல்ல தண்ணீர். எத்தனை வருசத்துக் கனவு! நாக்கு தன்னால் சுழன்றது. மகள் கல்யாணத்தில் கடித்த அதே உதட்டைக் கடித்துக்கொண்டு, பாரியைத் தண்ணீரில் விட்டுக் கும்பிட்டாள்.

எல்லாரும் கரையேறித் திரும்பிய நேரம், தண்ணீரிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. கிலுகிலுவென்று, விட்டுவிடாமல், நாக்கைச் சுழற்றிப் போட்ட மாதிரி. அடைகாத்த முக்குளிப்பான்தான். கண்மாய் நடுவிலிருந்து அதன் சோடி பதிலுக்குப் போட்டது.

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. விருமாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலைக்குமேல் கைகூப்பினார்.

"அம்மா, குலவைம்மா! குலவையே போடுது!" என்று கிசுகிசுத்தாள் முத்துமீனா.

பாண்டீஸ்வரிக்குக் கண்ணீர் கொட்டியது. டீச்சர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆத்தா கைவிடவில்லை, இந்த மனுசி கைவிடவில்லை, தண்ணீரும் கைவிடவில்லை. இதற்குமேல் என்ன வேண்டும்? மூக்கைச் சிந்திக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"நல்லாத்தான் போடுது. ஆனா நான் இதைவிட நல்லாப் போடுவேன்டி. மொதல்ல அது புள்ளையைப் பெத்து எடுக்கட்டும். அடுத்த வருசம் இதே தண்ணியில நின்னு போடுறேன், வந்து கேளு."