குத்தகைக்குப் போன மிளகுக்கொடி

எங்க ஊட்டுல மிளகைக் காசு குடுத்து வாங்குற பழக்கமே இல்லீங்க. மலை மேல சில ஊரு சேர்ந்தது எங்க எடப்புளி நாடு, அங்க யாருக்குமே இல்லை. காட்டுல மரத்துக்கு மரம் கொடி ஏறிக் கிடக்கும்போது மிளகைக் கடையில வாங்குறவளைப் பார்த்தா சிரிப்பாங்க. அந்தக் கொடிகளைத்தான் எங்க அப்பா என் படிப்புக்காக அஞ்சு வருசக் குத்தகைக்கு விட்டாரு.

நான் பன்னெண்டாவது முடிச்சிருந்தேன். நாமக்கல்ல செல்போன், டிவி ரிப்பேர் பயிற்சின்னு பஸ்ல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு. நான்தான் ஒத்தைக் கால்ல நின்னேன். மலையில எல்லாரு கையிலயும் போன் இருக்கு, கெட்டுப்போனா கீழே இறங்கித்தான் போறாங்க, நான் மேலேயே கடை போட்டா ரெண்டு வருசத்துல கொடியைத் திருப்பிடலாம்னு அப்பாகிட்டக் கணக்குச் சொன்னேன். ஃபீஸ், ஹாஸ்டல், டூல்ஸ், பஸ்சு எல்லாத்தையும் அதுல சேர்த்திருந்தேன். கீழே பேளுக்குறிச்சியில இருந்து மிளகு யாவாரி ஒருத்தரு வந்து காட்டைச் சுத்திப் பார்த்துட்டு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே குடுத்தாரு. அஞ்சு வருசத்துக்குக் காய் அவருக்கு, மரமும் மண்ணும் எங்களுக்கு. "நெசமா இது சோறு போடுமா கண்ணு?"ன்னு அப்பா ஒரே ஒரு வாட்டி கேட்டாரு. போடுமுங்கப்பான்னேன்.

பயிற்சியில பாதி நாளு பழைய டப்பா டிவியைக் கழட்டி மாட்டுனதுலயே போச்சு. இந்த டிவி இப்ப எவன் ஊட்டுல இருக்குன்னு கேட்டேன். அடிப்படை முக்கியம்னாங்க. செல்போன் போர்டுல வேலை பார்க்கணும்னா அது தனி கோர்ஸாம், தனி ஃபீஸாம். அதை நோட்டீஸ்ல போட மறந்துட்டாங்க, பாவம். நான் சோம்பேறி இல்லை. சால்டரிங் சுத்தமா வரும், கை நடுங்காது. அதை வெச்சுக்கிட்டு மலையேறி வந்து, சோளக்காடுங்கிற ஊருல பஸ் நிக்கிற எடத்துல ஒரு பழக்கடை ஓரமா மேசை போட்டேன்.

முதல்ல வந்தது பெரியப்பா. சார்ஜ் ஏறலைன்னாரு. சார்ஜர் சொருகுற பின்னை மாத்திக் குடுத்தேன். "வாரேன் சாமி"ன்னு போனை வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. மறுநாள் ஊட்டுக்கு ஒரு பலாப்பழம் வந்துச்சு. அப்புறம் மாமா வந்தாரு, சித்தி வந்தாங்க, அத்தை ஊட்டுல எல்லாருமே வந்தாங்க. எங்க நாட்டுக்குள்ள எவரைத் தொட்டாலும் ஒண்ணு பங்காளி, இல்லைன்னா மாமன் மச்சான். கைவேலைக்கு நாங்க கூலி வாங்கறதில்லை. இன்னைக்கு உன் காட்டுக்கு நான் வாரேன், நாளைக்கு என் காட்டுக்கு நீ வா, அவ்வளவுதான். பொறந்ததுல இருந்து தெரிஞ்ச விசயம் இது. ஆனா என் கணக்குல இது மட்டும் வரவே இல்லை.

ஒரு தடவை பொறுக்க முடியாம, டிஸ்பிளே மாத்துனதுக்குச் சித்தப்பாகிட்டச் சாமான் வெலையோட கூலியும் கேட்டு வாங்கிட்டேன். எண்ணி எடுத்துக் குடுத்தாரு. அன்னைக்குச் சாயங்காலம் அம்மா புடிச்சுக்கிட்டாங்க. "பங்காளி கையில கூலி வாங்குனா நாளைக்கு நம்ம ஊட்டு எழவுக்கு எவன் வந்து நிப்பான்?" எனக்கும் கோவம் வந்துச்சு. "எழவு விழற வரைக்கும் என்னத்தைத் திங்கிறது?"ன்னு கேட்டேன். அடுத்த வாரம் எங்க காட்டுல மரவள்ளிக் கெழங்கு புடுங்க ஒருத்தர்கூட வரலை. நாங்க மூணு பேரா முதுகு ஒடியப் புடுங்குனோம். அதோட கூலி கேக்கறதை விட்டேன். சாமானுக்குச் சேலம் போகணும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்லுவாங்களே, அந்தக் கதைதான்.

சேலத்துலயே கடை வெக்கலாமேன்னு சொன்னவங்களும் உண்டு. போய்ப் பார்த்தேன். அங்க தெருவுக்குத் தெரு ரிப்பேர் கடை. ஒரு கடைக்காரரு சேர்த்துக்கறேன்னாரு, ஆனா முதல் வருசம் சம்பளம் இல்லை, தொழில் பழகிக்கோம்மான்னாரு. பழகத்தானே கொடியைக் குத்தகைக்கு விட்டோம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டுப் பஸ் ஏறிட்டேன்.

போன மாசியில குத்தகை முடிஞ்சுது. அப்பாவும் நானும் காட்டுக்குப் போனோம். எல எல்லாம் மஞ்சக் காமாலை வந்த மாதிரி நின்னுச்சு. யாவாரியைக் குத்தம் சொல்ல முடியாது, அடுத்தவன் மாட்டுக்கு எவன் புண்ணாக்கு வெப்பான்? எரு போடலை, தண்ணி தேங்குன எடத்துல வடிகால் வெட்டலை. அப்பா ஒரு கொடியைப் புடிச்சு லேசா இழுத்தாரு. வேர் அழுகிப்போயி, அது முழுசா அவர் கையோட வந்துருச்சு. அதைச் சுருட்டி ஓரமா வெச்சுட்டு அடுத்த மரத்துக்குப் போனாரு. என்னை ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாருன்னா நான் நிம்மதியா அழுதிருப்பேன்.

இந்த மழையில அப்பாவுக்குச் சளி கட்டிக்கிட்டு இருமல். அதே வாரம் அந்த யாவாரி மலைக்கு வந்தவரு, தண்ணி பூந்துருச்சுன்னு போனை என் மேசையில வெச்சாரு. கழட்டிக் காய வெச்சு, துடைச்சு ஓட வெச்சேன். "எவ்வளவுங்க அம்மணி?"ன்னு கேட்டாரு. சொன்னேன். பேரம் பேசாம எடுத்துக் குடுத்தாரு. அவரு எங்களுக்குச் சொந்தம் இல்லையே.

அந்தக் காசை அம்மா வாங்கிக்கிட்டுச் சந்தைப் பக்கம் போனாங்க. திரும்பி வந்து, முந்தானைக்குள்ள இருந்து ஒரு சின்னப் பொட்டணத்தை எடுத்து, யாரையும் பார்க்காம அம்மியில கொட்டி நுணுக்குனாங்க. கசாயத்தை அப்பா ஒரு வாய் குடிச்சுட்டு டம்ளரைக் கீழே வெச்சாரு.

"இது நம்ம மிளகு இல்லையே"ன்னாரு.

இல்லீங்கப்பான்னேன்.